ஏரியும் ஊரும்: தமிழகத்துப் பாசன ஏரிகளின் மராமத்து வரலாறு

தமிழகச் சமவெளிகளில் காவிரி, தாமிரபரணி போன்ற ஒரு சில ஆற்றுப் படுகைகளை விலக்கிப் பார்த்தால், ஆண்டின் பெரும்பகுதி நீரோடும் ஆறுகள் மிகக் குறைவு. பாலாறு, செய்யாறு, தென்பெண்ணை, வைகை, குண்டாறு ஆகியவை மழைக்காலத்தில் சில வாரங்கள் பெருகி ஓடி, எஞ்சிய மாதங்களில் மணல் வெளியாகக் கிடப்பவை. மாநிலத்தின் சராசரி ஆண்டு மழையளவு சுமார் 920 மில்லிமீட்டர். அதில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில், அதுவும் எண்ணிச் சொல்லத்தக்க சில நாள்களில், கொட்டித் தீர்ந்துவிடுகிறது. நெற்பயிருக்கோ நான்கு மாதங்கள் இடைவிடாமல் நீர் வேண்டும். மழை கொட்டும் நாள்களுக்கும் பயிர் நீர் கேட்கும் மாதங்களுக்கும் இடையே உள்ள இந்தப் பொருந்தாமையைத் தீர்ப்பதற்கு இந்நிலத்து மக்கள் கண்ட வழியே ஏரி.

மேற்கே உயர்ந்து கிழக்கே கடலை நோக்கி மெல்லச் சரியும் நிலத்தில், சரிவுக்குக் குறுக்கே மண்கரை எழுப்பி மழைநீரைத் தேக்கும் அமைப்பு வட மாவட்டங்களில் ஏரி என்றும், மதுரை, இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளில் கண்மாய் என்றும், தெற்கே குளம் என்றும் வழங்குகிறது. சிறிய ஏரிகளைத் தாங்கல், ஏந்தல் என்று குறிப்பதும் உண்டு. குடிநீருக்கென்றே ஒதுக்கப்பட்டது ஊருணி. இன்றைய தமிழ்நாட்டில் சிறியதும் பெரியதுமாக ஏறத்தாழ 39,000 பாசன ஏரிகள் உள்ளன. அவற்றுள் பல ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து பயன்பாட்டில் இருந்துவருபவை.

ஒரு மண்கரை ஆயிரம் ஆண்டு நிற்பதற்குக் கட்டியவரின் திறமை மட்டும் போதாது. ஒவ்வொரு மழையும் ஏரிக்குள் நீரோடு வண்டலையும் கொண்டுவருகிறது. ஒவ்வொரு வெள்ளமும் கரையை அரிக்கிறது. எலியும் நண்டும் கரையில் துளையிடுகின்றன. மரவேர்கள் மதகின் கற்களைப் பெயர்க்கின்றன. கட்டுவது ஒரு முறைச் செலவு, பேணுவதோ ஆண்டுதோறும் தீராத செலவு. ஆகவே ஏரியின் வரலாறு என்பது அடிப்படையில் மராமத்தின் வரலாறு. அந்தச் செலவை யார் ஏற்றார், எதிலிருந்து ஏற்றார், அதனால் யார் பயனடைந்தார் என்னும் கேள்விகளின் வரலாறு. நீரின் பயனைப் பெற்றவர்களே அதைப் பேணும் பொறுப்பையும் சுமந்த காலம்வரை ஏரிகள் உயிருடன் இருந்தன என்பதையும், பயன் ஒரு கைக்கும் பொறுப்பு வேறு கைக்கும் போனபோது அவை தூர்ந்தன என்பதையும், அந்தப் பழைய ஏற்பாட்டிலும் எல்லோருக்கும் சமமான இடம் இருந்ததில்லை என்பதையும் அந்த வரலாறு சேர்த்தே காட்டுகிறது.

அமைப்பும் இயக்கமும்

தனி ஏரி என்று ஒன்று பெரும்பாலும் இல்லை. மேட்டு நிலத்து ஏரி நிரம்பி வழியும் நீர் அடுத்த தாழ்நிலத்து ஏரிக்கும், அது நிரம்பினால் அதற்கடுத்ததற்கும் செல்லுமாறு ஒரே நீர்ப்போக்கில் பல ஏரிகள் சங்கிலித் தொடராக அமைக்கப்பட்டன. மேல் ஏரியின் வயல்களில் பாய்ந்து வடிந்த கழிவுநீரும் கீழ் ஏரிக்கு வரத்தாகிறது. ஒரு துளி நீர் கடலைச் சேருமுன் பல ஊர்களில் பயிர் விளைத்துவிடுகிறது. வைகையின் நீர் இவ்வாறே இராமநாதபுரச் சீமையின் கண்மாய்களில் பங்கிடப்பட்டுவிடுவதால், பெருவெள்ள ஆண்டுகளைத் தவிர, கடலில் கலக்கும் நீர் சொற்பமே. அச்சீமையின் இராசசிங்கமங்கலம் கண்மாயின் பரப்பை ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று மக்கள் வழக்கு வியந்து கூறுகிறது.

ஏரிக்கு நீர் கொண்டுவரும் வாய்க்கால் வரத்துக்கால். ஏரியிலிருந்து நீர் பெற்று விளையும் நிலப்பரப்பு ஆயக்கட்டு. வயலுக்கு நீரைத் திறந்துவிடும் வாயில் மதகு அல்லது மடை. கொள்ளளவுக்கு மிஞ்சிய நீர் கரையை உடைக்காமல் வழிந்தோடக் கற்களால் கட்டப்பட்ட தாழ்ந்த பகுதி கலிங்கு. அவ்வாறு வழிந்த நீர் அடுத்த ஏரிக்குச் செல்லும் பாதை மறுகால். பழைய ஏரிகளில் கரையிலிருந்து சற்று உள்ளே, நீருக்குள், இரண்டு கல்தூண்கள் நிற்பதைக் காணலாம். அவற்றுக்கிடையே அடியில் உள்ள துளையை அடைப்பு ஒன்றினால் மூடியும் தூக்கியும் நீரை அளந்துவிடும் இந்த அமைப்பு குமிழி அல்லது தூம்பு எனப்பட்டது. இதன் துளை வழியே வெளியேறும் நீர் கரைக்கு அடியில் புதைந்த கால்வாய் வழியாக வயற்புறம் சேரும்; நிறைந்த ஏரியின் நீரழுத்தம் நேராக மதகின் மீது மோதிக் கரையைச் சிதைக்காமல் இந்த ஏற்பாடு காத்தது.

கலிங்கின் உயரமே ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையே எழுதப்படாத உடன்படிக்கையாக விளங்கியது. அதன் மேல் வரிசையாக நடப்பட்ட கற்களுக்கிடையே மண்ணும் புல்லும் வைத்து அடைத்தால் ஆயக்கட்டுக்காரர்களுக்குக் கூடுதல் நீர் கிடைக்கும். ஆனால் அதே செயல் ஏரியின் உள்வாயில், அதாவது கரைக்கு உட்புறம் நீர் பரவும் பகுதியில், உள்ள நிலங்களை மூழ்கடிக்கும், கீழ் ஊருக்கு வர வேண்டிய நீரையும் தாமதப்படுத்தும். கலிங்கு அடைப்பைப் பற்றிய வழக்குகள் பிற்காலத்து நீதிமன்றங்களிலும் பொதுப்பணித் துறைக் கோப்புகளிலும் நிறைந்து கிடப்பது, ஒரு சாண் உயரத்துக்கு இருந்த மதிப்பைத் தெளிவாக்குகிறது.

பழைய சான்றுகள்

ஏரியை அரசின் கடமையோடு இணைத்துப் பேசும் மரபு சங்க இலக்கியத்திலேயே காணப்படுகிறது. புறநானூற்றின் 18-ஆம் பாடலில் குடபுலவியனார், பாண்டியன் நெடுஞ்செழியனை நோக்கி, நிலம் குழிந்த இடங்களில் நீரைத் தேக்குமாறு அறிவுறுத்துகிறார். அரசன் விரும்பும் செல்வமும் வெற்றியும் புகழும் உணவின் வழியாகவும், உணவு நிலமும் நீரும் கூடுவதன் வழியாகவுமே கிட்டும் என்பது அவர் காட்டும் வாதம். அதே நூலின் 118-ஆம் பாடலில், பாரி இறந்தபின் அவனது பறம்பு நாட்டில் எட்டாம் நாள் பிறைபோல் வளைந்த கரையுடைய சிறுகுளம் காப்பாரின்றி உடைவதைக் கபிலர் பாடுகிறார். கரையின் வளைவு குறித்த அறிவும், பேணுவார் இல்லையேல் குளம் நில்லாது என்ற அறிவும் அக்காலத்திலேயே பொதுவாக இருந்தமைக்கு இது சான்று.

கி.பி. 7-ஆம் நூற்றாண்டிலிருந்து தொண்டை மண்டலத்தில், அதாவது இன்றைய காஞ்சிபுரம், செங்கல்பட்டு, இராணிப்பேட்டை, திருவண்ணாமலை மாவட்டங்களை ஒட்டிய பகுதியில், பல்லவ அரசர் தம் பெயராலும் பட்டப்பெயராலும் பெரிய ஏரிகளை உருவாக்கினர். மகேந்திரவாடியின் மகேந்திர தடாகம், மாமண்டூரின் சித்திரமேக தடாகம், கூரம் செப்பேடு குறிப்பிடும் பரமேசுவர தடாகம், உத்திரமேரூரின் வைரமேக தடாகம் ஆகியவை அவற்றுள் சில. சோழர் காலத்தில் முதலாம் பராந்தகனின் வீரநாராயணன் என்னும் பட்டப்பெயரைத் தாங்கிய வீராணம் ஏரி எழுந்தது. காவிரி நீரைக் கொள்ளிடத்தின் வழியே பெறும் அது இன்று சென்னைக்கும் குடிநீர் தருகிறது.

ஏரிகளை உருவாக்கியதில் அரசர் பெயர் முன்னின்றாலும், நாள்தோறும் அவற்றைப் பேணியது ஊர் அமைப்புகளே. பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) இதற்கு மிக விரிவான சான்று. ஊரை 30 குடும்புகளாக, அதாவது பகுதிகளாக, பிரித்து, ஒவ்வொன்றிலிருந்தும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்யும் குடவோலை முறையில் வாரியங்கள் எனப்பட்ட செயற்குழுக்கள் அமைந்தன. அவற்றுள் ஏரி வாரியத்துக்கு 6 பேர். அவர்களது பதவிக்காலம் 360 நாள்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் தேர்வு பெறத் தகுதியற்றவர் என்று விதி வகுக்கப்பட்டது. ஏரியின் பொறுப்பு கணக்குக் காட்டும் கடமையோடு பிணைக்கப்பட்டிருந்தது என்பதே இக்கல்வெட்டுகளில் தேர்தல் முறையைக் காட்டிலும் கவனத்துக்குரிய செய்தி.

பணத்துக்கான வழியையும் கல்வெட்டுகள் காட்டுகின்றன. விளைச்சலின் ஒரு பகுதி ஏரிக்கே சேருமாறு ஒதுக்கப்பட்ட நிலம் ஏரிப்பட்டி எனப்பட்டது. செல்வர்கள் பொன்னை ஊர்ச் சபையிடம் முதலாக வைத்து, அதன் வட்டியைக் கொண்டு ஆண்டுதோறும் வண்டல் அகற்றச் செய்தனர். நீர் உள்ளபோதே ஓடங்களில் சென்று வண்டலை அள்ளிக் கரையில் சேர்க்கும் பணிக்கு விடப்பட்ட கொடைகளும் உண்டு. முதலைத் தொடாமல் வட்டியில் மட்டும் செலவு செய்யும் இந்த நெறி, ஏரியை ஒரு தலைமுறையின் உடைமையாகக் கருதாமல் வரும் தலைமுறைகளுக்கும் உரியதாகக் கருதியதன் வெளிப்பாடு.

களத்துப் பங்கும் குடிமராமத்தும்

பேரரசுகள் மறைந்த பின்னரும் ஏரியைச் சுற்றிய ஏற்பாடுகள் வழக்கமாகத் தொடர்ந்தன. அறுவடை முடிந்து களத்தில் நெல்லை அளக்கும்போது, அரசின் பங்கும் உழவனின் பங்கும் பிரிவதற்கு முன்பே, கோயில், தச்சர், கொல்லர், வண்ணார், கணக்கர், காவல்காரர் முதலியோருக்கான பங்குகள் எடுத்துவைக்கப்பட்டன. மேரை, சுதந்திரம் என்று வழங்கிய இப்பங்குகளில் ஏரிக்கும் ஒன்று இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் தாமஸ் பர்னார்டு 1767 முதல் 1774 வரை செங்கல்பட்டுப் பகுதியின் ஏறத்தாழ 2,000 ஊர்களில் நடத்திய நில அளவையின் பதிவுகள் இந்தப் பங்கீட்டை ஊர் ஊராகக் காட்டுகின்றன. மராமத்துச் செலவு வரிவருவாயிலிருந்து பின்னர் கேட்டுப் பெறவேண்டிய மானியமாக இல்லை. விளைச்சலிலேயே அதற்கு முதலிடம் இருந்தது.

ஏரிநீரை வயல்களுக்குப் பகிர்ந்தவர் நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, கம்புக்கட்டி, மடைக்குடும்பன் என்று பகுதிக்கேற்ப அழைக்கப்பட்டார். எந்த மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் விடுவது, கடைமடைக்கு நீர் சென்றதா என்று பார்ப்பது, கரையில் கசிவு தோன்றினால் ஊரைத் திரட்டுவது ஆகியன அவர் பொறுப்பு. நிலத்துச் சொந்தக்காரர் தாமே மடையைத் தொடக்கூடாது என்ற கட்டுப்பாடு பல ஊர்களில் இருந்தது. நீர் குறைந்த ஆண்டில் முறை வைத்துப் பாய்ச்சினர். நீண்டகாலப் பயிரைத் தவிர்த்துக் குறுகியகாலப் பயிரை ஏற்றனர். ஏரியில் கண்ணுக்குத் தெரியும் நீர்மட்டமே அந்த ஆண்டின் விளைச்சலுக்கு எல்லையாக நின்றது. அந்த எல்லையை ஊரே ஒன்றாகப் பார்த்து முடிவெடுக்க முடிந்தது.

மழைக்கு முன்னர் ஆயக்கட்டுக்காரர்கள் தத்தம் நிலத்தின் அளவுக்கேற்ப ஆளனுப்பி வரத்துக்காலைத் தூர்வாரி, கரையின் பள்ளங்களை மண்ணிட்டு நிரப்பி, மதகைச் செப்பனிடுவது குடிமராமத்து எனப்பட்டது. குடிகள் தாமே செய்யும் மராமத்து என்ற பொருளில் வழங்கிய இந்தச் சொல் பிற்கால அரசாணைகளிலும் நிலைபெற்றது. கோடையில் ஏரி வற்றியதும் உழவர் வண்டலையும் கரம்பை மண்ணையும் வண்டிகளில் ஏற்றி வயல்களில் கொட்டினர். இதனால் ஏரியின் கொள்ளளவு காக்கப்பட்டது, வயலுக்கும் எருவும் ஈரம் காக்கும் மண்ணும் கிடைத்தன. குயவர் தம் களிமண்ணை ஏரியிலிருந்தே எடுத்தனர். கரையின் பனைகள் மண்ணைப் பிடித்துக்கொண்டதோடு நுங்கும் ஓலையும் தந்தன. நீர் வற்றும் கடைசி நாள்களில் பிடிபடும் மீனின் குத்தகைப் பணம் ஊர்ப் பொதுவுக்குச் சென்றது. ஆடுமாடுகளுக்கு மேய்ச்சலும் நீரும் கிடைத்தன. ஊர்க்கிணறுகளின் நீர்மட்டம் ஏரியின் ஊறலால் உயர்ந்தது.

மனித நலனும் பிற உயிர்களின் நலனும் ஒரே ஏற்பாட்டில் இணைந்ததற்கு வேடந்தாங்கல் தெளிவான சான்று. மதுராந்தகத்துக்கு அருகே உள்ள இந்தச் சிற்றேரியின் நீர்க்கடம்பு மரங்களில் கூடுகட்டும் பறவைகளின் எச்சம் விழுந்து உரமேறிய நீர் தம் வயல்களை வளமாக்குவதை உணர்ந்த ஊரார், பறவைகளை எவரும் சுடவோ பிடிக்கவோ கூடாதென்று காவல் வைத்தனர். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ், ஊராரின் இந்த உரிமையை ஏற்று எழுத்து மூலம் கௌல், அதாவது உறுதி ஆவணம், வழங்கினார். அது 1858-இல் புதுப்பிக்கப்பட்டு, 1936-இல் அவ்வேரி சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் பறவைக் காப்புக்கென எழுத்து வடிவில் கிடைத்த மிகப் பழைய அங்கீகாரங்களுள் இதுவும் ஒன்று. அதைத் தொடங்கியவர்கள் உழவர்கள்; அவர்களைத் தூண்டியது விளைச்சல்.

நிழலில் நின்றவர்கள்

இவ்வேற்பாட்டைச் சமத்துவத்தின் பொற்காலமாகக் காண்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. உத்திரமேரூர்ச் சபை பிராமணர்களுக்கு விடப்பட்ட பிரமதேய ஊரின் சபை. வாரியத்தில் இடம்பெற வரிசெலுத்தும் நிலமும் சொந்த மனையும் கல்வியும் வேண்டப்பட்டன. பெண்களுக்கும் உழைக்கும் சாதியினருக்கும் அதில் இடமில்லை. குடிமராமத்துக்கு நிலவுடைமையாளர் அனுப்பிய ஆள்கள் பெரும்பாலும் அவருடைய பண்ணையாள்களே. மண் சுமந்தவர் ஒருவராகவும் நீர்ப்பங்கு பெற்றவர் வேறொருவராகவும் இருந்தனர். பல ஊர்களில் நீர்க்கட்டி ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர். நள்ளிரவில் கரையைக் காக்கும் ஆபத்தான பணி அவருக்கு உரியது, ஆயக்கட்டில் நிலம் அவருக்கு அரிது. தென்மாவட்டங்களில் சாதிக்கொரு ஊருணி என்ற பிரிவினை நிலவியது.

இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளின் கண்மாய்களை ஆராய்ந்த மானிடவியலாளர் டேவிட் மோஸ், 2003-இல் வெளிவந்த தம் நூலில், கண்மாய்கள் ஊரின் ஒற்றுமையால் மட்டும் இயங்கியவை அல்ல என்றும், அரசரின் கொடை, ஊர்த்தலைவரின் மேலாண்மை, சாதி மதிப்பு ஆகியவற்றோடு அவை பின்னிப் பிணைந்திருந்தன என்றும் விளக்கினார். மறுகால் நீருக்காக ஊர்களுக்கிடையே மூண்ட சண்டைகளும் இவ்வமைப்பின் அங்கமே. எனினும் நிலமற்றோருக்கும் ஏரியிலிருந்து சில பயன்கள் கிட்டின என்பதை மறுக்க இயலாது: களத்து மேரை, மேய்ச்சல், மீன், விறகு, கிணற்று நீர் ஆகியவை நிலவுடைமையின் எல்லையைத் தாண்டியவை. பிற்காலத்தில் ஏரி சீர்கெட்டபோது முதலில் இழந்தவர்களும் மாற்று வழியற்ற இவர்களே.

கம்பெனியும் மாகாணமும்

18-ஆம் நூற்றாண்டின் போர்கள் ஏரிகளைக் கடுமையாகப் பாதித்தன. 1780-இல் ஹைதர் அலியின் படையெடுப்பில் செங்கல்பட்டுப் பகுதி பாழாகி, மக்கள் ஊரைவிட்டு வெளியேறியதால் பல ஏரிகள் பராமரிப்பின்றி உடைந்தன. 1790களின் நடுவில் அங்கு வந்த லயோனல் பிளேஸ், ஏரி சீரடையாமல் வரி வராது என்பதை உணர்ந்து மராமத்தில் ஈடுபட்டார். அடிக்கடி உடைந்த மதுராந்தகம் ஏரி அவர் காலத்தில் நிலைபெற்ற கதை, அவ்வூர் ஏரி காத்த ராமர் கோயிலின் தலபுராணமாகவே மக்களிடம் வழங்குகிறது.

ஆனால் கம்பெனி ஆட்சியின் நிரந்தரப் போக்கு வேறாக அமைந்தது. 1802-இன் நிரந்தர நிலவரித் திட்டம் சில பகுதிகளை ஜமீன்தார்களிடம் ஒப்படைத்தது. பின்னர் ஆளுநர் தாமஸ் மன்றோவின் காலத்தில் வலுப்பெற்ற இரயத்துவாரி முறை, அதாவது ஒவ்வொரு உழவனிடமும் அரசு நேரடியாகப் பணவரி பெறும் முறை, மாகாணத்தின் பெரும்பகுதியில் பரவியது. களத்தில் நெல்லாகப் பிரிந்த பங்குகள் மறைந்து, வரி பணமாக அரசின் கருவூலத்துக்குச் சென்றது. ஏரிக்கென விடப்பட்ட மானிய நிலங்கள் பலவும் வரிவிதிப்புக்கு உட்பட்டன. நன்செய் நிலத்துக்கு நீரின் பேரில் உயர்ந்த வரி பெற்ற அரசு, அந்நீரைத் தரும் ஏரியைப் பேணும் செலவில் முன்பு ஊர் வைத்திருந்த பங்கை ஈடுசெய்யவில்லை. பொறியாளர் பெயர்ட் ஸ்மித் 1850களில் தொகுத்த விவரப்படி சென்னை மாகாணத்தின் 14 மாவட்டங்களில் 53,000 ஏரிகள் இருந்தன. அவற்றுள் 10,000 பழுதுபட்டுக் கிடந்தன.

பொதுப்பணித் துறை உருவானபோது ஏரி பொறியாளரின் பொறுப்பாயிற்று. ஆனால் பல்லாயிரம் சிற்றேரிகளை ஒரு துறையின் சில அலுவலர்கள் பார்த்துக்கொள்வது இயலாத செயல். பணமும் கவனமும் பொறியாளர் ஆர்தர் காட்டன் முன்னின்ற பெரிய ஆற்றணைகளை நோக்கியே சென்றன. எனவே மராமத்தின் சுமையில் ஒரு பகுதியைக் குடிகள் மீது திருப்ப 1858-ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் முனைந்தது. வெள்ளக் காலத்தில் கரை காக்க ஆள் தர மறுப்போரையும், வழக்கமான குடிமராமத்து வேலையைச் செய்யாதோரையும் தண்டிக்க அது வழிவகுத்தது. பயனில் உரிமையை வைத்துக்கொண்டு உழைப்பை மட்டும் கட்டாயமாக்கிய இச்சட்டம் பெரும்பாலும் செயலற்றுப் போனது. வழக்கமாக இருந்தது தண்டனைக்குரிய கடமையாக மாறியபோது அதன் உயிர்நாடியான ஒப்புதல் அற்றுவிட்டது.

1876-78 பெரும் பஞ்சம் தென்னிந்தியாவில் பல இலட்சம் உயிர்களைக் கொள்ளைகொண்டது. அதன் பின்னர் அமைந்த பஞ்ச ஆணையத்தின் சிந்தனைகளை ஒட்டி, 1883-இல் ஏரி மீட்புத் திட்டம் தொடங்கப்பட்டது. ஏரிகளை அளந்து, வரைபடமிட்டு, கரை உயரத்தையும் கலிங்கு நீளத்தையும் நிர்ணயித்த இத்திட்டம் பல பத்தாண்டுகள் மெல்ல நடந்தது. அதன் பதிவேடுகளைப் பொறியாளர்கள் பிற்காலத்திலும் ஆதாரமாகக் கொண்டனர். ஒரு முறை சீர்செய்த ஏரியை அடுத்த ஆண்டு யார் பேணுவது என்ற கேள்விக்கு மட்டும் அது விடை தரவில்லை.

விடுதலைக்குப் பின்

1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தால் ஜமீன் ஏரிகளும் அரசுடைமையாயின. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை பொதுப்பணித் துறைக்கும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களுக்கும் பிரிந்தன. ஏரியின் நீர் ஒரு துறைக்கும், கரைமரம் வேறொரு துறைக்கும், உள்வாய் நிலம் வருவாய்த் துறைக்கும் உரியதாயிற்று. 1960களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் சுமார் 9 லட்சம் ஹெக்டேர் நிலம், அதாவது மொத்தப் பாசனப் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், ஏரிநீரால் விளைந்தது. அதன் பின்னர் அப்பரப்பு படிப்படியாகச் சுருங்கியது.

சுருங்கியதற்கு முதன்மையான காரணம் கிணறு. மின்மோட்டாரும், பசுமைப் புரட்சியின் குறுகியகால நெல்லும், அரசு தந்த கடனும், பின்னர் உழவர்களுக்குக் கிட்டிய இலவச மின்சாரமும் ஆயக்கட்டுக்குள்ளேயே தனித்தனிக் கிணறுகளைப் பெருக்கின. வசதி படைத்தவர் தம் நிலத்தடியிலிருந்து தேவைப்படும் நேரத்தில் நீர் எடுக்க முடிந்ததும், ஊர்க்கூட்டத்துக்கு வரவும் வரத்துக்காலைத் தூர்வாரவும் அவருக்குக் காரணம் இல்லாமற் போனது. இந்த மாற்றம் உணவு உற்பத்தியைப் பெருக்கி, பசிக்கொடுமையைத் தணித்தது. மடைக்காரரின் தயவையும் ஊர்ப்பெரியவரின் ஆணையையும் நம்பியிருந்த சிறு உழவர் சிலருக்கு விடுதலையாகவும் அமைந்தது. ஆனால் ஏரிக்கு இருந்த கண்ணுக்குத் தெரியும் எல்லை கிணற்றுக்கு இல்லை. ஏரி தூர்ந்ததால் ஊறல் குறைய, கிணறுகள் ஆழமாக, ஆழ்துளைக் கிணறு போடும் வசதியற்றோர் இருவகை நீரையும் இழந்தனர். இன்று மாநிலத்தின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறுவட்டங்களில் நிலத்தடி நீர் ஊறும் அளவைக் காட்டிலும் மிகுதியாக எடுக்கப்படுகிறது.

விறகுத் தட்டுப்பாட்டைப் போக்கும் நோக்கத்துடன் ஏரி உள்வாயில் வளர்க்கப்பட்ட கருவேல மரங்களும், வறண்ட மாவட்டங்களில் தானே பரவிய சீமைக் கருவேலமும் நீர்பிடிப்பைக் குறைத்தன. எனினும் சீமைக் கருவேலம் இராமநாதபுரத்து ஏழைக் குடும்பங்கள் பலவற்றுக்குக் கரிமூட்டத்தின் வழியே பிழைப்பும் தந்தது. ஆகவே அதை வெட்டி அகற்றுவதும் எளிய முடிவாக இருந்ததில்லை.

நகரங்கள் ஏரியை மனையாகவே கண்டன. 1920களில் சென்னையின் மாம்பலம் பகுதியிலிருந்த நீண்ட ஏரியை வடித்துத் தியாகராய நகர் அமைக்கப்பட்டது. நுங்கம்பாக்கம் ஏரியின் ஒரு பகுதியில் 1970களில் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. மதுரையில் உலகனேரிக் கண்மாயில் உயர்நீதிமன்றக் கிளை அமைந்தது. தனியாரின் ஆக்கிரமிப்புக்கு அரசே முன்மாதிரியாயிற்று. 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மூழ்கிய சென்னை, 2019 கோடையில் நீரின்றித் தவித்து, ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் மூலம் நீர் தருவித்தது. இரண்டும் ஒரே இழப்பின் இரு விளைவுகள்: மிகையைத் தாங்கவும் குறையை ஈடுசெய்யவும் இருந்த இடங்கள் வரிசையாக மறைந்துவிட்டன.

மீட்பும் அதன் எல்லையும்

1980களில் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் உதவியுடன் ஏரி நவீனமயத் திட்டம் நடைபெற்றது. 1990களிலிருந்து மதுரையைச் சேர்ந்த தானம் அறக்கட்டளை ‘வயலகம்’ என்ற பெயரில் ஆயக்கட்டு உழவர்களைச் சங்கங்களாகத் திரட்டியது. 2000-இல் பாசன மேலாண்மையில் உழவர் பங்கேற்புக்கும், 2007-இல் ஏரிகளின் ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கும் சட்டங்கள் இயற்றப்பட்டன. 2017-இல் அரசு குடிமராமத்து என்னும் பழைய பெயரிலேயே 100 கோடி ரூபாயில் 1,519 பணிகளைத் தொடங்கி, பின்வந்த ஆண்டுகளில் விரிவுபடுத்தியது. பெயர் ஒன்றாயினும் இயக்கம் வேறு: பழைய குடிமராமத்தில் செலவு விளைச்சலிலிருந்தும் உழைப்பிலிருந்தும் ஆண்டுதோறும் வந்தது, புதியதில் செலவின் பெரும்பகுதி அரசின் நிதியாக வந்தது, வேலை ஒரு பருவத்துப் பணியாக முடிந்தது.

இந்த நீண்ட வரலாறு தரும் பாடம் பழைய ஊருக்குத் திரும்ப வேண்டும் என்பதன்று. அந்த ஊரில் மண் சுமந்தவர்கள் அத்தகைய திரும்புதலை விரும்பமாட்டார்கள். ஏரி நீடித்த காலங்களில் மூன்று ஏற்பாடுகள் ஒருங்கே இருந்தன. முதலாவது, பயனிலிருந்தே பேணுதலுக்கான பங்கு, மற்றப் பங்குகளுக்கு முன்பாகவே எடுத்துவைக்கப்பட்டது. இரண்டாவது, பொறுப்பேற்றவர் குறித்த காலத்தில் கணக்குக் காட்டும் கடமை கொண்டிருந்தார். மூன்றாவது, எடுக்கத்தக்க நீரின் எல்லை எல்லோருக்கும் தெரியும்படி இருந்தது. பழைய அமைப்பில் இல்லாத நான்காவது ஒன்றை இக்காலம் சேர்க்க வேண்டியுள்ளது: ஏரியால் வாழும் நிலமற்றோரும் பெண்களும் மீனவரும் மேய்ப்போரும் முடிவெடுக்கும் இடத்தில் அமர்வது. கிணற்று நீரையும் ஏரிநீரையும் ஒரே நீராகக் கணக்கிட்டு, இலவச மின்சாரத்துக்கு அரசு செலவிடும் தொகையில் ஒரு பகுதியையேனும் ஊறலைப் பெருக்கும் மராமத்துக்கு ஆண்டுதோறும் ஒதுக்கி, அதன் கணக்கை ஊராட்சியின் கிராம சபையில் வைப்பது இந்த நான்கையும் இணைக்கும் ஒரு வழியாக அமையும். தூர்வாருவதற்கு இயந்திரங்கள் இன்று எளிதில் கிடைக்கின்றன. ஆண்டுதோறும் தூர்வாரச் செய்யும் பங்கீடுதான் இன்னும் உருவாக வேண்டியுள்ளது.